50 பைசா நன்றி: கிளையண்டுக்கு கிஃப்ட் பாக்ஸா, போஸ்ட்கார்டா?

சம்பளத்தோட சைடுல ஃப்ரீலான்ஸும் பண்றீங்களா? கிளையண்டுக்கு 2,000 ரூபாய் கிஃப்ட் பாக்ஸ் அனுப்பும் முன் ஒரு நிமிஷம். 44ஏடிஏ முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டுறவங்க அந்தச் செலவைத் தனியா கழிக்க முடியாது. முழுசும் உங்க கைக்காசு. தீபாவளிக்கு வந்த இருபது பாக்ஸில் உங்களுது எதுன்னு அவருக்கும் ஞாபகம் இருக்காது.

நம்ம திருவண்ணாமலை போஸ்ட் ஆபீஸில் போஸ்ட்கார்டு 50 பைசாதான். கார்த்திகை தீபக் கூட்டம் கலைஞ்சதும் கையால நாலு வரி எழுதுங்க: எந்த வேலை, அதில் அவர் எப்படி உதவினார்னு. வெறும் 'நன்றி சார்'னா வாட்ஸ்அப்பே போதும். அதிலேயே அடுத்த வேலையைக் கேட்காதீங்க, ப்ளீஸ். அது நன்றி இல்ல, கொட்டேஷன்!

போஸ்ட்கார்டை வழியில் யாரும் படிக்கலாம். அதனால பில் தொகை வேண்டாம். எழுதியே ஆகணும்னா 2.50 ரூபாய்க்கு இன்லேண்ட் லெட்டர் இருக்கு.