கிரவுனும் பினியனும் பழகும் வரை

டிராக் ரேஸ் என்பது பெரும்பாலும் கால் மைல் தூரத்துக்கு நேர்க்கோட்டில் ஓடும் பந்தயம். பச்சை விளக்கு எரிகிறது. ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் உறுமுகிறது, கியர் விழுந்திருக்கிறது, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது. ஆனால் வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பின்பக்கக் குழாய்க்குள் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்திருக்கிறது. என்ஜினுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பின் ஆக்சிலை மறந்தவர்களுக்கு அமெரிக்கப் பந்தயத் தடங்களில் அடிக்கடி நேர்வது இதுதான்.

எவ்வளவு சுமை அங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1987 முதல் 1992 வரை வந்த 5 லிட்டர் வி8 மஸ்டாங்கின் என்ஜின் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 3.35 மடங்காக்கும். பின் ஆக்சிலின் பற்கள் அதை இன்னும் 3.08 மடங்காக்கினால், சக்கரத்துக்குப் போவது 4,000-ஐத் தாண்டிவிடும். சூப்பர்சார்ஜர் வைத்து என்ஜின் விசையை இரட்டிப்பாக்கி, பல் விகிதத்தையும் 4.10 ஆக மாற்றினால் அது 11,000-ஐ நெருங்கும். சாதாரண டயராக இருந்தால் தரையில் வழுக்கி, இதில் பெரும்பகுதியை வீணாக்கிவிடும். அந்த வழுக்கல்தான் ஆக்சிலுக்குக் காவல். பந்தயத்துக்கான ஒட்டும் டயரை மாட்டிய அன்று அந்தக் காவல் போய்விடுகிறது. முழு அடியையும் இரும்புதான் வாங்க வேண்டும்.

அந்த மஸ்டாங்கில் தொழிற்சாலையே பொருத்திய ஆக்சிலின் பெயர் '8.8'. அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 8.8 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். நல்ல ஆக்சில்தான். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்டை அதன் உள்முனையில் 'சி' வடிவக் கிளிப் ஒன்றுதான் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் வெளித்துண்டைத் தடுக்க ஒன்றும் இல்லை. சக்கரம் ஷாஃப்டோடு வண்டியை விட்டே வெளியேறிவிடும். அதனால்தான் அமெரிக்க டிராக் ரேஸ் விதிகள், கால் மைலை 11 நொடிக்குள் கடக்கும் வண்டிகளுக்கு வேறு வகைப் பிடிமானத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

மாற்று ஆக்சில் தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது ஃபோர்டின் '9 அங்குல' ஆக்சிலிடம். 1957-இல் வந்தது, ஃபோர்டு அதை 1986-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் கர்ரி, மோசர், ஸ்ட்ரேஞ்ச் போன்ற நிறுவனங்கள் அதே வடிவத்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத்தின் உச்சப் பிரிவில் 2021 வரை செவர்லே, டொயோட்டா கார்களின் அடியிலும் இந்த வடிவம்தான் இருந்தது. போட்டிக் கம்பெனியின் ஆக்சிலையே எல்லோரும் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை.

அதன் பலம் எங்கே இருக்கிறது? கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனை மூன்று பேரிங்குகள் தாங்குகின்றன. முன்னால் இரண்டு, பல்லுக்கு அப்பால், வால்முனையில், சிறியதாக இன்னொன்று. சுமை ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலகப் பார்க்கும். அந்த மூன்றாவது பேரிங் அதை விடாது. பினியன் கிரவுனின் மையத்துக்கு வெகுவாகக் கீழே அமர்ந்திருப்பதால் ஒரே நேரத்தில் அதிகப் பல் தொட்டுக்கொண்டிருக்கும், அதுவும் பலமே. ஆனால் அப்படி அமர்ந்த பற்கள் ஒன்றின் மேல் ஒன்று கூடுதலாக உரசிச் சறுக்கும். சூடு ஏறும், என்ஜின் சக்தியில் கொஞ்சம் கரையும். வாங்குகிறவர் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. நம் லாரிப் பட்டறைகளில் கிரவுன் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆக்சில் ஷாஃப்டுகளை உருவி, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, சுற்றிலும் உள்ள 10 நட்டுகளை எடுத்தால், கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் மொத்தமும் ஒரே உருண்டையாக முன்பக்கம் வந்துவிடும். அதை மேசை மேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம்.

அந்த மேசை வேலையில்தான் ஒரு ஆக்சிலின் ஆயுள் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை விலை உயர்ந்த எஃகு என்பதெல்லாம் அதற்கு அப்புறம். முதலில் பினியன் எவ்வளவு உள்ளே அமர வேண்டும் என்பதை ஷிம் எனும் மெல்லிய தகடுகளால் சரிசெய்கிறார்கள். அடுத்து, கிரவுனின் இருபுறமும் உள்ள மரை வளையங்களில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, கிரவுனைப் பினியன் பக்கம் கொண்டுவருகிறார்கள். டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லில் வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, கிரவுனை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் முள் நகரும். அந்த ஆட்டம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நோட்டுத் தாள் இரண்டை அடுக்கினால் வரும் தடிமன் அது. குறைந்தால் சூட்டில் பல் விரிந்து இறுகும். கூடினால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சுத்தியலால் அடிப்பதுபோல் மோதும். பற்களோடு வரும் சீட்டில் போட்டிருக்கும் அளவே முடிவானது.

அளவு சரியாக வந்துவிட்டால் போதுமா? போதாது. கிரவுனின் நான்கைந்து பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கட்டையால் சற்றுத் தடுத்தபடி சுற்றுவார்கள். பினியன் தொட்ட இடத்தில் பசை விலகி, நீள்வட்டமாக ஒரு தடம் விழும். அந்தத் தடம் பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே அமர வேண்டும். உச்சியோரம் விழுந்தால் பினியன் விலகியிருக்கிறது. அடியோரம் விழுந்தால் மிக உள்ளே போயிருக்கிறது. மறுபடி கழற்று, ஷிம் மாற்று, பசை தடவு. நான்கு முறை, ஐந்து முறைகூட ஆகும். பொறுமை தீர்ந்து 'இது போதும்' என்று மூடிய ஆக்சில் சில நாளில் ஊளையிட ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் அந்தச் சத்தத்தைத் தீர்க்காது.

வண்டியில் ஏற்றும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் குழாயில் தாங்கிகளைப் பற்றவைக்கும் சூட்டில் குழாய் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான், ஆனால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும். நேரான எஃகுத் தண்டு ஒன்றைக் குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நுழைத்துச் சரிபார்க்காத பட்டறையை நம்ப வேண்டாம். இரண்டாவது, பினியனின் சாய்வு. விசை ஏறியதும் பினியனின் மூக்கு மேலே எழும்பும். ஆகவே நிற்கும்போது அதை ஓரிரு டிகிரி தாழ்த்தியே வைக்கிறார்கள். பாயும் நேரத்தில் அது ப்ரொப்பல்லர் ஷாஃப்டோடு நேராகிவிடும். புது ஆக்சிலில் பினியன் நிற்கும் இடம் மாறுவதால் பல சமயம் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் மாற்ற வேண்டிவரும்.

பிறகு வருவது, ஆசையை அடக்க வேண்டிய காலம். புதுப் பற்களில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அவை ஒன்றையொன்று தேய்த்துப் பழகும்போது கடும் சூடு பிறக்கும். மினரல் கியர் ஆயிலை ஊற்றி, முதலில் 25, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். அதன் பிறகும் 800 கிலோமீட்டர்வரை பந்தயப் பாய்ச்சல் கூடாது. புது ஆக்சில் மாட்டியவருக்கு இது கடினம் என்று தெரியும். ஆனால் முதல் நாளே முழு வேகத்தில் சூடேற்றினால் பல்லின் மேற்பரப்பு பதமிழந்துவிடும். போன பதத்தை மீட்க வழியில்லை.

அதன் பின் பராமரிப்பு எளிது. ஹவுசிங்கின் மேலே உள்ள காற்றுத் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். அடைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் இறங்கும். உள்ளே இருப்பது உராய்வுத் தட்டுகள் கொண்ட டிஃபரன்ஷியல் என்றால் அதற்கென்ற சேர்மானத்தையும் ஊற்ற வேண்டும். மறந்தால் மெதுவாகத் திரும்பும்போது வண்டி திக்கித் திக்கி அதிரும். வருடத்துக்கொருமுறை ஷாஃப்டை உருவி, அதன் உள்முனையில் உள்ள ஸ்ப்ளைன் எனும் பல்வரிகளைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்த வரிகள் திருகாணிபோல் வளைந்திருந்தால் அந்த ஷாஃப்ட் முறியத் தயாராகிவிட்டது.

800 கிலோமீட்டர் முடிந்ததும் முதல் எண்ணெயை வடிக்கும்போது, காந்த முனை வைத்த பிளக்காக இருந்தால் அதைத் துடைப்பதற்கு முன் விரலில் தேய்த்துப் பாருங்கள். திருநீறுபோல் மிருதுவான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால், பற்கள் பழகிவிட்டன. நெருடினால், ஊசிபோல் ஒரு துணுக்கு வெளிச்சத்தில் மினுங்கினால், புது எண்ணெய் ஊற்றாமல் அந்த 10 நட்டுகளையும் கழற்றுங்கள்.