செல்வ நாடு பிறர் உதவியை ஏற்றல் தகுமோ?

இயற்கை சீறி எழுங்கால் அதற்கு ஏழை நாடென்றும் செல்வ நாடென்றும் வேற்றுமையில்லை. நிலம் நடுங்கின் குடிசையும் வீழும், மாளிகையும் வீழும். ஆயினும், வீழ்ந்தபின் எழும் ஆற்றல் எல்லா நாட்டிற்கும் ஒரு தன்மைத்தன்று. பொருள் நிரம்பிய நாடு தன் கருவூலத்தைத் திறந்து மீண்டெழும். வறிய நாடோ பிறர் முகம் நோக்கி நிற்கும். அங்ஙனமாயின், செல்வ நாடொன்று இடர்ப்பட்டவிடத்துப் பிற நாட்டார் அதற்கு உதவி அனுப்புதல் வேண்டுமோ? அனுப்பின், அதனை ஏற்றல் அந்நாட்டிற்குத் தகுமோ? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சி எழுந்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுதல் நன்று. 2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று ஜப்பான் தேசத்து நோட்டோத் தீபகற்பத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அக்கிழமையில் எம் விடுதியில் மாணவர் சிலர் பணம் திரட்ட எண்ணி ஓர் உண்டியலை உணவுக்கூடத்து வாயிலில் வைத்தனர். “நம்மினும் பன்மடங்கு செல்வமுடையார்க்கு நாமோ கொடுப்பது? இது கடலுக்கு நீர் சுமப்பதாகும்” என்று நகைத்தவர் பலர். அவருள் யானும் ஒருவன் என்பதை மறைத்தற்கில்லை.

நகைத்தவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. திருவள்ளுவர் ஈகை என்னும் பெயரை வறியார்க்குக் கொடுத்தற்கே உரித்தாக்கினார். பொருளின் அளவோ சிறிது. துன்பத்தின் அளவோ பெரிது. 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் ஹைத்தி நாட்டை அழித்த நிலநடுக்கத்தில் இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்ப. அந்நாட்டிலே ஒரு டாலர் ஆற்றும் பணியை ஜப்பானிலோ அமெரிக்காவிலோ அதே டாலர் ஆற்றுமென்று சொல்லுதல் ஒல்லாது. ஆதலின், பசித்தவன் இலையினின்று எடுத்து உண்டவன் இலையில் இடுதல் அறமாகாது என்னும் தடை வலியுடையதே. எனினும், இத்தடை பணத்தை மட்டும் கருதி எழுந்தது. உதவி என்பது பணம் ஒன்றேயோ?

1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரம் நடுக்குற்றது. 6,400க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அக்காலத்தில் உலகின் பெருஞ்செல்வ நாடுகளுள் ஜப்பான் முன்வரிசையில் நின்றது. பல நாடுகள் உதவ முன்வந்தன. சுவிட்சர்லாந்து, இடிபாட்டின்கீழ்ப் புதையுண்டாரை மோப்பத்தால் அறியும் நாய்களை அனுப்ப விரும்பிற்று. விலங்குகட்குரிய நோய்த்தடுப்பு விதி முதலில் குறுக்கே நின்றது. அயல்நாட்டு மருத்துவர் உரிமச்சீட்டு இல்லாதவர் என்னும் காரணத்தால் தயக்கத்தோடு நோக்கப்பட்டனர். இடிபாட்டின்கீழ் அகப்பட்டோருக்கு முதல் மூன்று நாளே உயிர்நாள் என்பர் மீட்புப்பணி அறிந்தோர். வங்கியிலுள்ள பொன் அம்மூன்று நாளில் ஒரு கல்லையும் பெயர்க்கமாட்டாது. பயின்ற கையும் மோப்பமும் வேண்டும்; அவை எவரிடம் உளவோ அவரிடமிருந்து பெறுதலே முறை. ஏற்பதற்கு ஆயத்தமில்லாமையும் ஒரு வறுமையே என்பதனைக் கோபே காட்டிற்று.

இப்பாடத்தை ஜப்பானியர் மறந்திலர். 2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு அந்நாட்டு வடகீழ்க் கடலடியில் 9.0 அளவுள்ள நடுக்கம் தோன்றி, ஆழிப்பேரலையை எழுப்பி, ஏறக்குறைய 15,900 மக்களைக் கொண்டுசென்றது. 2,500க்கு மேற்பட்டோரைப் பற்றிய செய்தியே இல்லை. அப்பொழுது 160க்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் உதவி செய்ய முன்வந்தன. இருபதுக்கு மேற்பட்ட இடங்களினின்று மீட்புக் குழுவினர் வந்தனர். முன்னர்த் தயங்கிய மருத்துவத் துறையிலும் கதவு திறந்தது. மினாமி சான்ரிக்கு என்னும் ஊரில் இஸ்ரவேல் நாட்டு மருத்துவர் கூடாரம் அமைத்துப் பணி புரிந்தனர்.

ஓனகாவா என்னும் மீன்பிடி ஊர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். அவருள் 800க்கு மேற்பட்டோர் அலைக்கு இரையாயினர். நம் இந்திய தேசத்துப் பேரிடர் மீட்புப் படையினர் 46 பேர் பனியிலும் குளிரிலும் அவ்வூர் இடிபாடுகளிடையே பணியாற்றினர். அயல்நாட்டில் அப்படை ஆற்றிய முதற்பணி அதுவே. பின்னர்க் கத்தார் நாட்டார் அளித்த பொருளால் அவ்வூரில் மீனைக் குளிரூட்டிக் காக்கும் பெருங்கிடங்கு ஒன்று எழுந்து, 2012ஆம் ஆண்டில் பணி தொடங்கிற்று. மீனைக் காக்க இடமின்றேல் படகு இருந்தும் பயனில்லை. கிடங்கு எழுந்தபின்னரே ஊரார் தொழில் உயிர்பெற்றது. ‘ஜப்பான்’ என்னும் பெயர் செல்வமுடையது. ஆனால் வலையும் வீடும் இழந்த மீனவன் செல்வனல்லன். நாட்டின் செல்வத்தை அந்நாட்டு மக்கள் ஒவ்வொருவர் மடியிலும் உள்ளதாக எண்ணுதலே நம் பிழை.

இன்னும் ஒன்று. அரசின் கருவூலத்துப் பணம் பெரும்பாலும் சாலைக்கும் அணைக்கும் துறைமுகத்திற்கும் செல்லும். மக்கள் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையோ, ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் முதலியவற்றின் வாயிலாகத் திரட்டப்பெற்றுத் துன்புற்ற குடும்பங்கட்குப் பணமாகவே பகிர்ந்தளிக்கப்படும். ஆதலின் அரசின் செல்வம் நன்கொடையை வேண்டாததாக்கிவிடாது.

இனி, உதவி எல்லாம் நன்மையே பயக்கும் என்று கொள்ளுதலும் தவறாம். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவைத் தாக்க, நியூ ஆர்லியன்சு நகரின் கரைகள் உடைந்து ஐந்தில் நான்கு பங்கு வெள்ளத்தில் ஆழ்ந்தது. அயல்நாடுகள் கொடுக்க முன்வந்த பணமும் எண்ணெயும் 85 கோடி டாலர் பெறுமானமுடையன. அவற்றுள் மக்கட்குப் பயன்பட்டது 4 கோடி டாலர் அளவே என்று 2007ஆம் ஆண்டில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழ் வெளியிட்டது. பெரும்பகுதி வாங்கப்படவேயில்லை. இங்கிலாந்து அனுப்பிய இலட்சக்கணக்கான உணவுப் பொதிகள், அந்நாட்டு மாட்டிறைச்சியைத் தடுக்கும் விதியின் காரணமாக ஆர்க்கன்சா மாநிலக் கிடங்கில் அடைந்துகிடந்தன. மக்கள் பசித்திருக்கச் சோறு பூட்டிய அறையில் இருந்தது. கியூபா அனுப்புவதாகச் சொன்ன மருத்துவர்களோ, அரசியற் பகை காரணமாக ஏற்கப்படவில்லை. ஆயின், மெக்சிகோ நாட்டுப் படையினர் எல்லை கடந்து சான் அன்டோனியோ நகருக்குச் சென்று, வீடிழந்து வந்தோர்க்குச் சமைத்து உணவளித்தனர். ஒரு காலத்தில் டெக்சாசு நாட்டின்பொருட்டு இவ்விரு தேசத்தாரும் போர் புரிந்தவர். அம்மண்ணிலேயே அகப்பை ஏந்திய படை நுழைந்தது வியப்பன்றோ?

உதவியினால் நட்பு வளரும் என்று சிலர் கூறுவர். இதனையும் அளந்தே சொல்லல் வேண்டும். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தபோது, அமெரிக்கத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அயல்நாட்டு அரசுகளின் உதவி வேண்டாமென்றார். ஆயினும் நகரின் நிவாரணக் குழுவினர்க்கு ஜப்பானியர் ஏறத்தாழ 2,45,000 டாலர் அனுப்பினர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே அந்நகரப் பள்ளிக் கழகத்தார் ஜப்பானியக் குழந்தைகளைத் தனிப்பள்ளிக்குச் செல்லுமாறு கட்டளையிட்டனர்! 1923ஆம் ஆண்டு தோக்கியோ நகரம் நடுக்குற்றபோது அமெரிக்க மக்கள் பெரும்பொருள் வழங்கினர்; மறு ஆண்டே ஜப்பானியர் தம் நாட்டிற் குடியேறாதவாறு சட்டம் இயற்றினர். ஆதலின், நன்றியை விலைக்கு வாங்குதற்பொருட்டுக் கொடுப்பவன் ஏமாறுவான். கொடைக்குரிய காரணம் துன்பமே. நட்பு பின் வரின் வருக.

அது வந்த இடங்களும் உள. மாலத்தீவின் தலைநகரைச் சூழ ஜப்பானியர் உதவியால் எழுந்த கடற்சுவர் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அந்நகரைக் காத்தது. 2011இல் அத்தீவினர் தமக்குரிய செல்வமாகிய மீனையே தகரப்பெட்டிகளில் அடைத்து ஜப்பானுக்கு அனுப்பினர். போரால் நலிந்த காந்தகார் நகரமும் 50,000 டாலர் அளித்தது. இவற்றைச் சிறியவென்று தள்ளுதல் எளிது. தள்ளின், “நீ என்றும் பெறுபவனே; கொடுப்பவனாதல் உனக்கில்லை” என்று ஏழையின் நெற்றியில் எழுதியதாகும். ஏழை விதவையின் இரு காசு பெருங்கொடையாக மதிக்கப்பட்ட வரலாற்றை இக்கல்லூரியிற் பயில்வோர்க்கு யான் எடுத்துரைத்தல் மிகை.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, கொடுப்போர் கேட்டறிந்து கொடுத்தல் வேண்டும். கேளாது அனுப்பும் பண்டம் கிடங்கை நிரப்பும், வயிற்றை நிரப்பாது. இரண்டாவது, பெறுவோர் பேரிடர் வருமுன்னரே ஏற்கும் வழியை வகுத்து வைத்தல் வேண்டும்; தமக்கு மிகையாயின் அதனை வெளிப்படையாகச் சொல்லி, வறிய நாட்டிற்குச் செலுத்துமாறு வேண்டுதல் பெருந்தன்மையாகும். மூன்றாவது, பெருந்தொகை வறிய நாட்டிற்கே முதலில் உரியது. செல்வ நாட்டிற்கு வேண்டுவன பெரும்பாலும் பயின்ற ஆட்களும், உடனிருத்தலும், துன்புற்ற குடும்பத்தின் கைக்கே சென்று சேரும் நன்கொடையும் ஆம்.

வள்ளுவர் ஈகைக்கு முன் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈகை உடையவன் இல்லாதவனுக்குச் செய்வது. ஒப்புரவோ ஓர் ஊரில் ஒருங்கு வாழ்வோர் ஒருவர்க்கொருவர் ஆற்றுங் கடன். செல்வர் வீட்டில் இழவு நேர்ந்தால் ஏழை அயலான் போகாதிருப்பானோ? அவன் பாடைக்கு மூங்கில் வெட்டிக் கொடுப்பதனைச் செல்வர் வேண்டாமென்பரோ? செல்வ நாட்டிற்குச் செய்யும் உதவி இவ்வொப்புரவின்பாற் படுவது. அதனை ஏற்பதில் இழிவு இல்லை. மறுப்பதில் பெருமையும் இல்லை.

எம் விடுதி உண்டியலை மீண்டும் நினைக்கின்றேன். நாங்கள் நகைத்து நின்றபோது நாகப்பட்டினக் கடற்கரையிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் வாய்பேசாது பத்து உரூபாத்தாள் ஒன்றை அதில் இட்டார். காரணம் வினவியதற்கு, “2004ஆம் ஆண்டு அலைக்குப் பின் என் தந்தையார்க்கு ஒரு வலை கிடைத்தது. எந்நாட்டார் கொடுத்தனரென்று அவர் இன்றுவரை அறியார். யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?” என்றார். அன்று மாலை யானும் என்னால் இயன்றதை அவ்வுண்டியலில் இட்டேன்.