பிறாண்டும் பூனை, எலிக்குக் காவல்

நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் பூனை வெறும் செல்லப்பிராணி அல்ல. மக்காச்சோளம், நிலக்கடலை, கோழித்தீவனம் என்று மூட்டை அடுக்கியிருக்கும் இடத்துக்கு எலி வராமல் இருக்காது. அங்கே இரவுக் காவல் பூனைதான்.

தூக்கினால் சீறுகிறது, பிறாண்டுகிறது என்று அதை விரட்டிவிட வேண்டாம். காதை மடக்கி, வாலை வெடுக்கென்று ஆட்டினால் ‘என்னை விடு’ என்று அர்த்தம். தானாக வந்து காலில் உரசும்போது தடவிக் கொடுத்தால் போதும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பதும் சரியல்ல. சோறு கிடைக்கும் பூனையும் வேட்டையாடும், வீட்டோடும் தங்கும். கோழிக்குஞ்சுகளை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

பூனைக்குக் கூட்டாளிகளும் உண்டு. சுவர்ப் பல்லி பூச்சிகளைப் பிடிக்கிறது. அதற்கு விஷம் கிடையாது. சாரைப்பாம்பும் விஷமற்றது, எலியைத் தின்று வாழ்வது. கூகைக்கும் எலிதான் முக்கிய இரை. ஆனால், நாகமும் கண்ணாடிவிரியனும்கூட எலியைத் தேடி வரும். எனவே, எந்தப் பாம்பானாலும் எட்டி நில்லுங்கள்.

எலி மருந்து வைத்தால், அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் பூனையும் கூகையும் சேர்ந்தே சாகலாம். பொறி வைப்பதே நல்லது. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

பூனை கடித்தாலோ, ரத்தம் வரப் பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு தடவாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. பூனைக்கும் 3 மாத வயதில் தடுப்பூசி போட்டு, பிறகு ஆண்டுதோறும் கால்நடை மருத்துவர் சொல்படி தொடர வேண்டும்.