அறுந்த நரம்பு தளிர்க்குமா?

பாளை அரிவாள் மணிக்கட்டில் ஆழமாகப் பட்டு, தோல் ஆறியபின்னும் பனையேறியின் சுண்டுவிரல் மரத்தே கிடக்கும். ஏன்? உள்ளே சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது.

இத்தகைய காயங்களை 1943-இல் பிரிட்டிஷ் மருத்துவர் செடான் மூன்றாகப் பிரித்தார். நரம்பிழையின் மேலுறை மட்டும் நசுங்கினால் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தானே சரியாகும். இழை அறுந்து, அதைச் சூழ்ந்த குழாய் தப்பினால், அதே குழாய் வழியே இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு ஆறு மாதமாவது பிடிக்கும். தழும்பைத் தட்டும்போது விரலில் சுரீரென்றால் நல்ல சகுனம்தான்; தட்டினால் சுரீரென்னும் இடம் மாதாமாதம் விரலை நோக்கி நகரவேண்டும். நரம்பே துண்டானால் தையல்தான் வழி. வர்ம ஆசானின் எண்ணெய் வலிக்கு இதம் தரலாம், முனைகளை ஒட்டாது.

நரம்பு எட்டாத தசை ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலும் வீணாகிவிடும். வெட்டுக்காயத்தோடு விரல் மரத்தால், தோலுக்குத் தையல் போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.