டைனமோவும் ஒரு சிறு வில்லும்

1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உற்பத்தி தொடங்கிய ஃபெர்குசன் டி.இ.20 போன்ற பழைய டிராக்டர்களில், எஞ்சினின் வேகம் ஏறுந்தோறும் டைனமோவின் மின்னழுத்தமும் ஏறிக்கொண்டே போகுமாதலால், அதற்குக் கடிவாளமிடும் பொறுப்பு ரெகுலேட்டர் பெட்டிக்குள் அடங்கிய ஒரு சிறு வில்லிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் மிகும்போது, அங்குள்ள கம்பிச்சுருளின் காந்த சக்தி அவ்வில்லின் இழுவிசையை வென்று தொடுமுனைகளைப் பிரிக்க, டைனமோவின் காந்தச்சுருளுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு மின்தடையின் வழியே சுற்றிச்சென்று நலிகிறது. அழுத்தம் தாழ்ந்ததும் வில் முனைகளை மீண்டும் சேர்த்துவிடுகிறது. இந்த ஊடலும் கூடலும் ஒரு விநாடிக்குள் பன்முறை நிகழ்கின்றன.

ஆகவே, திருகால் வில்லை இறுக்கினால் அழுத்தம் உயரும், தளர்த்தினால் தாழும். ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் பாட்டரியில் அழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டைக் கடந்தால், திராவகத்தின் நீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிந்து குமிழியிடும். அவசரக்காரர் கைக்கு ஏற்ற திருகன்று இது.