திட்டங்கள் முடிவதில்லை, மறக்கப்படுகின்றன

நமது பிரதேசங்களில் அடிக்கல் நாட்டு விழாக்களுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை. ஆனால், ஒரு திட்டத்தை முறைப்படி நிறைவு செய்து, கணக்கை மூடி, கற்ற பாடங்களை எழுதி வைத்ததை நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். இதன் விலையை அறிய ஈச்சிலம்பற்றின் அண்மைக்கால வரலாறே போதுமானது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கொட்டியார்க் குடாவின் தென்கரையைச் சுனாமி தாக்கியது. உதவித் திட்டங்கள் வந்தன. 2006 இல் மாவிலாற்று அணைக்கட்டைத் தொட்டு மூண்ட போர் அவற்றை இடைநடுவில் அறுத்தது. ஈச்சிலம்பற்றுத் தமிழ் மக்கள் வாகரைக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயில் தஞ்சமடைந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் படுகொலை செய்யப்பட்டனர். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். 2007 இல் மீள்குடியேற்றம் தொடங்கியபோது புதிய திட்டங்கள் வந்தன. பழையவை எந்த நிலையில் நின்றன என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பார் எவருமிலர்.

வேலை முடிவதும் திட்டம் நிறைவுறுவதும் ஒன்றல்ல. கட்டடம் எழுந்துவிட்டால் வேலை முடிந்துவிடுகின்றது. திட்டம் நிறைவுறுவதற்கோ வேறு சில காரியங்கள் நடந்தாக வேண்டும். ஒப்புக்கொண்டதும் செய்யப்பட்டதும் ஒப்புநோக்கப்பட வேண்டும். குறைகள் திருத்தப்பட்ட பின்னரே ஒப்பந்தகாரரின் நிறுத்திவைத்த பணம் விடுவிக்கப்பட வேண்டும். இறுதிக் கணக்கு சரிபார்க்கப்பட வேண்டும். பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பது எழுத்தில் கையளிக்கப்பட வேண்டும். இல்லையேல், பழுதடைந்த நீர்க்குழாயைத் திருத்துவது பிரதேச சபையா, பிரதேச செயலகமா, கிராம அபிவிருத்திச் சங்கமா என்ற கேள்வியோடு மக்கள் அலைய வேண்டியதுதான்.

இடைநடுவில் நின்றுபோன திட்டத்திற்கும் இது பொருந்தும் என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு எஞ்சியது, ஏன் நின்றது என்ற ஒரு பக்கக் குறிப்பாவது இருந்தால், அடுத்து வருபவர் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பாடங்களை எழுதி வைப்பதன் பயனுக்குக் கிழக்கின் கிணறுகளே சான்று. சுனாமிக்குப் பின் உவர்நீரை அகற்றும் நல்லெண்ணத்தில் கரையோரக் கிணறுகள் திரும்பத் திரும்ப இறைக்கப்பட்டன. அளவுக்கு மீறி இறைத்தால் நிலத்தடி உவர்நீர் மேலெழும் என்றும், மழைநீரே காலப்போக்கில் நன்னீரை மீட்டுத் தரும் என்றும் பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த அநுபவம் வழிகாட்டியாக எழுதப்பட்டதால் இன்று உலகிற்கே உதவுகின்றது. எழுதப்படாமற் போன பாடங்கள் எத்தனையோ?

அதே பேரலையால் சிதைந்த இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், 2005 ஏப்ரலில் ஒரு புனரமைப்பு முகவர் நிலையம் நான்காண்டு வரையறையுடன் அமைக்கப்பட்டது. குறித்தபடி 2009 ஏப்ரலில் அது மூடப்பட்டது. பொறுப்புகளைக் கையளித்ததோடு, தனது அநுபவங்களை நூல்களாகவும் வெளியிட்டது. அங்கு 2005 இல் சமாதானம் கிட்டியது. இங்கு அடுத்த ஆண்டே போர் மூண்டது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், ஒரு நிறுவனம் தொடங்கும்போதே தனது கடைசி நாளையும் அறிந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எமது பிரதேசத்தில் இது வெறும் அலுவலக நடைமுறை அல்ல. 2005 ஜூன் 24 ஆம் திகதி கைச்சாத்தான சுனாமிப் பொதுக்கட்டமைப்பில் முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக இடம்பெறவில்லை. அந்த மனக்குறை ஆறுமுன்னரே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற சந்தேகம் இரு சமூகங்களிடையேயும் வளர்ந்தது. மூடிய கணக்கு ஊரறியத் தமிழில் வைக்கப்பட்டால், வதந்திக்கு இடமிராது. ஈச்சிலம்பற்றில் எத்தனை வீடு, தோப்பூரில் எத்தனை வீடு என்பதை எவரும் வாசித்தறியலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருவெள்ளம் மூதூர், வெருகல் பகுதிகளை மீண்டும் பாதித்தது. இனியும் திட்டங்கள் வரும், அடிக்கற்களும் நாட்டப்படும். அந்த மேடையிலேயே, இத்திட்டம் எந்நாளில் மூடப்படும், அதன் இறுதிக் கணக்கை எமக்கு யார் வாசித்துக் காட்டுவார் என்று இரு சமூகங்களும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.