இருதய கமலமும் கணிதப் பாடமும்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பெண் கணிதப் பரீட்சைத் தாளை நீட்டினாள். ஜோடி ஜோடியாகப் படங்கள். எது ரிஃப்ளெக்‌ஷன், எது ரொட்டேஷன், எது டிரான்ஸ்லேஷன் என்று எழுத வேண்டும். ஐந்தில் மூன்று தப்பு. “எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு!” என்று அழாத குறை. “டிரான்ஸ்லேஷன்னா மொழிபெயர்ப்புதானே?” என்று என் கணவர் வேறு கிண்டல் செய்தார்.

அந்த வாரம்தான் என் அம்மா ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பூஜை அறையில் இருதய கமலம் போட்டாள். எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளிகள். ஒரு வரிசையின் முதல் புள்ளியிலிருந்து வலப்பக்கமாக அடுத்த வரிசையின் மூன்றாவதற்கு, பிறகு ஐந்து, இரண்டு, நான்கு, மறுபடி ஒன்று. இப்படியே நாற்பது புள்ளியும் ஒரே இழையில் சேர்ந்துவிடும். ஐந்துக்கும் எட்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுஎண் இல்லாததுதான் காரணம். பத்து வரிசை வைத்திருந்தால் ஐந்து தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடும்.

என் மாமியார் எட்டிப் பார்த்தார். “எங்காத்துல ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணுன்னுதான் போடுவோம், சம்பந்தி.”

“அப்படிப் போட்டா கமலம் வருமோ?” என்றாள் அம்மா.

இருவர் முகமும் வாடிவிட்டது. நடுவில் நான்!

இரண்டையும் ஒரே அளவில் காகிதத்தில் போட்டுத் தரச் சொன்னேன். அம்மாவின் கோலத்தைப் பட்டர் பேப்பரில் படியெடுத்து என் பெண்ணிடம் கொடுத்தேன். படியைத் திருப்பாமல் அப்படியே தள்ளினாலே அடுத்த உருவத்தோடு பொருந்தினால் நகர்வு. ஒரு புள்ளியில் குண்டூசி குத்திச் சுற்றினால் பொருந்துவது சுழற்சி. காகிதத்தைக் குப்புறப் போட்டால்தான் பொருந்தும் என்றால் பிரதிபலிப்பு. புடவை பார்டரில் எல்லா மாங்காயும் ஒரே பக்கம் வளைந்து வரிசையாகப் போனால் நகர்வு. இரண்டு மாங்காய் முகத்தோடு முகம் பார்த்தால் பிரதிபலிப்பு.

முதலில் படியை அம்மாவின் கோலத்தின் மேலேயே வைத்து, நடுவில் குத்திச் சுற்றினாள். 45 டிகிரிக்கு ஒருமுறை பொருந்தியது. முழுச் சுற்றுக்கு எட்டு முறை. குப்புறப் போட்டாள், எப்படித் திருப்பியும் பொருந்தவில்லை. அதே குப்புறக் காகிதத்தை மாமியாரின் கோலத்தின் மேல் வைத்தாள். இழைக்கு இழை ஒட்டிக்கொண்டது!

“பாட்டி! உங்க ரெண்டு பேரோடதும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி!”

ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு என்பதைப் பின்னாலிருந்து படித்தால் நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று, ஒன்று. ஒன்றில் தொடங்கிச் சொன்னால் அதுதான் மாமியாரின் கணக்கு. கண்ணாடியில் வலம் இடமாகிவிடுவதால், அதே பாதையை எதிர்த்திசையில் போகிறோம். யாருடையதும் தப்பில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை அறை வாசலுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கமலம், அந்தப் பக்கம் மாமியாருடையது. அதுவரை கோலமாவைத் தொட்டே பார்க்காத என் பெண், இரண்டுக்கும் நடுவில் நேராக ஒரு கோடு இழுத்தாள். “இதுதான் கண்ணாடி” என்றாள்.

உங்கள் வீட்டுக் கோல நோட்டையும் ஒரு தாள் பட்டர் பேப்பரையும் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்களேன்.